இருபத்தாறு டிகிரியில் ஒரு நடுக்கம்

போன செவ்வாய்க்கிழமை குல்லா, கையுறை, ரெண்டு ஸ்வெட்டர் சகிதமாக ரசம் வைத்தேன். எங்கோ பனிமலைக்கு டூர் போன இடத்தில் என்று நினைக்காதீர்கள்... என் வீட்டு அடுப்படியில்தான்!

மெல்பர்ன் குளிர் என்றதும் ஊரில் இருப்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி, 'பனி கொட்டுமா?' கொட்டாது. கொட்டினாலாவது நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். இது வேறு ஜாதிக் குளிர். ஈரத் துணியைத் தோளில் போட்ட மாதிரி சத்தமில்லாமல் வந்து உட்காரும், செப்டம்பர் வரை எழுந்து போகாது. வீடுகளும் லேசுப்பட்டவை இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பங்களா. உள்ளே காற்று நுழையாத இடுக்கு கிடையாது.

'உங்க வீட்ல ஹீட்டர் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறதே! பிரமாதமான ஹீட்டர். ஹைட்ரானிக் என்று பெயர். இந்த வீட்டை வாங்கும்போது நான் பார்த்தது அடுப்படியை. என் வீட்டுக்காரர் பார்த்தது அந்த ஹீட்டரை. புரோக்கர் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் பின்பக்கச் சுவரில் மாட்டியிருந்த பாய்லர் முன்னால் சாமி கும்பிடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

பாய்லர் என்றால் நமக்கு என்ன? குளிக்க வெந்நீர் போடுகிற சமாசாரம். இது அப்படி இல்லை. கேஸில் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும், சரி. ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு நம் கைக்கு வராது. ஒரு பம்பு அதைத் தரைக்கடியில் ஓடும் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் தள்ளிவிடும். அறைக்கு அறை ஜன்னலடியில் வெள்ளையாக ஒரு இரும்புப் பலகை... ரேடியேட்டர். சுடுதண்ணீர் அதற்குள் புகுந்து, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, வெதுவெதுப்பாக பாய்லருக்கே திரும்பிவிடும். மறுபடி சூடு, மறுபடி சுற்று. அதே தண்ணீர்தான் வருஷக்கணக்காக வீட்டைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்!

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது இந்த மாசம்தான். அதுவரை குளிர் வந்தால் ஹீட்டர் ஓடும், ஓடினால் வீடு சூடாகும். அது அவர் இலாகா.

அவர் போனது போன வருஷம், இலைகள் பழுக்க ஆரம்பித்த சமயம். தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்... அப்போது இந்தப் பத்தி சில வாரங்கள் வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க சிட்னியில், மகன் நந்துவோடு ஹோம்புஷ் ஃப்ளாட்டில் இருந்தேன். சனிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயில், மற்ற நாளெல்லாம் பால்கனி. அவன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான், நான் ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாசமான பிள்ளைதான், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் என் வீடு என் வீடு இல்லையா? வருஷத் திதி முடிந்ததும், 'நான் மெல்பர்ன்லயே இருந்துக்கறேன்டா' என்றேன்.

நந்து யோசித்தான். அவனுக்கு எதையும் யோசித்துத்தான் பழக்கம்.

"சரிம்மா. ஒரு விண்டர் தனியா இருந்து பாரு. ஹீட்டிங், பிளம்பிங், கூரை ஒழுகுதுன்னு ஒண்ணொண்ணா ஆரம்பிச்சா, அப்புறம் பேச்சே கிடையாது. வீட்டை வித்துடலாம். இங்க வந்துடு."

ஆக, இந்தக் குளிர்காலம் எனக்குப் பரீட்சை. ஃபெயில் ஆனால் வீடு போய்விடும்.

பரீட்சை ஆரம்பித்த முதல் வாரமே பாய்லர் காலை வாரிவிட்டது! ரேடியேட்டரைத் தொட்டால் கல். காலையில் கல், மத்தியானம் கல், சாயங்காலம் கல்.

யார் உதவி? யூடியூப்தான். இங்கிலாந்தில் யாரோ ஒரு புண்ணியவான், தன் வீட்டு பாய்லரைக் கழற்றிக் கழற்றி மாட்டி வீடியோ போட்டிருக்கிறார். அவரைப் பார்த்து பிரஷர் முள் எங்கே நிற்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். நின்றது. ரேடியேட்டருக்குள் காற்று அடைத்திருந்தால் ஒரு குட்டிச் சாவியால் திருகி விட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் அந்தச் சாவியோடு வீடு முழுக்க மண்டியிட்டுத் திரிவார்... 'காத்து எடுக்கறேன்' என்பார். நானும் எடுத்தேன். உஸ்ஸென்று காற்று வந்தது. அதன் பின்னாலேயே கறுப்பாக ஒரு தண்ணீர் பீய்ச்சி, என் சேலையையும் கார்ப்பெட்டையும் நாசம் பண்ணியது. ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை.

வேறு வழியில்லாமல் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். வாட்டசாட்டமாக ஒருவன் வந்தான். வீட்டுக்குள் அறைகளுக்கு நடுவே ஓடும் நடைபாதைச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை அழுத்தினான். வீடு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்வது அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியிடம்தான். அடுத்த நிமிஷம் பாய்லர் 'டப்'பென்று பற்றிக்கொண்டது! குழாயெல்லாம் சொடக்குப் போட்டது. அவன் அறை அறையாகப் போய் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தான். "ஆல் குட்" என்றான், போய்விட்டான்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று அடித்துப் பிடித்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவோம். அங்கே போனதும் அது ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரிக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். அன்று மத்தியானம் வீடு சொர்க்கம். பொழுது சாய்வதற்குள் மறுபடி கல்.

திரும்பவும் கூப்பிட்டால் என்னைப் பைத்தியம் என்பான். நந்துவிடம் சொன்னால் வீடு போய்விடும். என்ன செய்தேன் தெரியுமா?

நடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நந்து வீடியோ காலில் வருவான். அதற்குக் கொஞ்சம் முன்னாடியே அடுப்படியில் ரெண்டு பர்னரைப் பற்றவைத்து விடுவேன். குல்லா, ஸ்வெட்டர் எல்லாம் கழற்றி பீரோவுக்குள். ஒரு நல்ல காட்டன் சேலை, நெற்றியில் விபூதி. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தால்... ரெடி!

"எப்படிம்மா இருக்க?"

"ஜம்முன்னு இருக்கேன்டா."

"வீடு?"

"கதகதன்னு இருக்கு. ஃபேன் போடலாமான்னு பார்க்கறேன்."

"ஓவரா பண்ணாதம்மா" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். அவன் போனதும் அடுப்பை அணைத்துவிட்டு, குல்லாவை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் போய்விடுவேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் நான் வாயைத் திறந்து பேச வேண்டிய அவசியமே வராது. சில நாள் சாயங்காலம், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே செருமிப் பார்ப்பேன்.

இப்படியே ஓட்டியிருப்பேன். அதே செவ்வாய்க்கிழமை, ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா அக்கா வந்தார்.

ஸ்டெல்லா அக்கா இலங்கையில் மன்னார்க்காரர். ரெண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். மகளும் மருமகனும் வேலைக்கு, பேத்திகள் ஸ்கூலுக்குப் போனபின் டப்பாவில் எதையாவது போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். சாக்குத்தான் டப்பா, வருவது பேச. குளிர் ஆரம்பித்ததிலிருந்து வெளியே இறங்காமல் இருந்தவர், அன்றைக்குத்தான் மீன் கட்லட்டோடு வந்தார்.

கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்ன பிள்ளை இது! வீடு ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு. வெளியில இதைவிடச் சூடாயிருக்குது!"

"ஹீட்டர் ரிப்பேர்க்கா. ஆள் வந்து பார்த்துட்டான். ஒண்ணுமே இல்லேங்கறான்."

"நந்துவுக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னா வீட்டை விக்கச் சொல்லுவானே."

"அதுக்காக இதுக்குள்ள இருந்து விறைச்சுச் சாகப் போறீங்களோ?" என்று ஒரு அதட்டு அதட்டினார். கோட்டைக் கழற்றவே இல்லை. நடைபாதையில் ரெண்டு அடி வைத்தவர், என் வீட்டுக்காரர் படத்தின் முன்னால் நின்றார்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷத் திதிக்கு வந்தபோது நந்து மாட்டியது. போனவர்கள் படம் தெற்குச் சுவரில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மொபைலில் காம்பஸ்ஸை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினான். ஹாலில் தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. படுக்கையறையில் மாட்டக் கூடாது. கடைசியில் கிடைத்தது நடைபாதைச் சுவர், அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில். கீழே நீளமாக ஒரு ஷெல்ஃப் அடித்தான். ஷெல்ஃபில் விளக்கு. படத்துக்கு நேர் கீழே வைத்தால் கண்ணாடியில் கரி பிடிக்குமே என்று நான்தான் வலது பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

காலையில் குளித்த கையோடு ஏற்றினால், படுக்கப் போகும்வரை அது எரியும். அவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. எனக்குத்தான்... வீட்டில் என்னைத் தவிர ஏதாவது ஒன்று அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்றிருந்தது.

ஸ்டெல்லா அக்கா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ரெண்டு கையையும் விளக்குக்கு மேலே நீட்டிக் குளிர்காய ஆரம்பித்துவிட்டார்!

"குறை நினையாதேங்கோ பிள்ளை, கை விறைச்சுப் போச்சு. இந்த வீட்டில சூடான இடம் இது ஒண்டுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரோ கையைத் தேய்த்துக்கொண்டே, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டி, கைக்கு நேர் மேலே இருந்த வெள்ளைப் பெட்டியை உற்றுப் பார்த்தார்.

"இஞ்ச... இதில இருபத்தாறு எண்டு கிடக்கே?"

"இருபதுக்கா. அவர் வெச்சது. நான் மாத்தலை."

"இருபது பெரிசா மேல கிடக்கு. கீழ சின்னதா இருபத்தாறு. வந்து பாருங்கோ."

பார்த்தேன். அந்தச் சின்ன எண்ணை நான் ஒருநாளும் கவனித்ததே இல்லை. பெரிய எண் நாம் கேட்கிற சூடு. சின்ன எண், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பெட்டி நினைக்கிற சூடு.

எங்கே இருக்கிறது இருபத்தாறு? எனக்குப் பல்லு கிட்டிக்கொண்டிருக்கிறது! பெட்டியைப் பார்த்தேன். அதன் கீழே ஸ்டெல்லா அக்காவின் கையைப் பார்த்தேன். கைக்குக் கீழே விளக்கைப் பார்த்தேன்.

கடவுளே!

பாய்லர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது பின்பக்கச் சுவரில் தேமே என்று தொங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் நடப்பது அதற்கு எப்படித் தெரியும்? பெட்டி சொன்னால் எரியும், சொல்லாவிட்டால் சும்மா இருக்கும். பெட்டியும் பொய் சொல்லவில்லை. அது தன்னைச் சுற்றி ஒரு சாண் இடத்தில் இருக்கிற சூட்டைத்தான் அளக்கும், அதுதான் மொத்த வீடு என்று நம்பும். அந்த ஒரு சாணில் நான் பொழுதன்னைக்கும் விளக்கெரித்துக்கொண்டிருக்கிறேன்! ராத்திரியில் ஹீட்டர் ஓடாதபடி அவரே டைமர் வைத்திருந்தார். காலையில் டைமர் கண் விழிப்பதற்கு முன்னால் நான் விளக்கேற்றிவிடுவேன். டெக்னீஷியன் வந்த அன்றைக்கு மட்டும், பூட்ஸ் காலோடு அங்கே நிற்பானே என்று விளக்கை எடுத்து அடுப்படியில் வைத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

ஸ்டெல்லா அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட மனுசன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"'பரவால்லடி, கேஸை மிச்சம் பண்ணிட்டே'ன்னு சந்தோஷப்பட்டிருப்பார்."

மறுபடி சிரித்தோம். அப்புறம் அவர் சாதாரணமாகச் சொன்னார். "அப்ப பெரிய விசயமில்லைத்தானே. காலமையும் பின்னேரமும் கொஞ்ச நேரம் ஏத்திட்டு நூத்துப் போட்டாச் சரி."

சரிதான். ஆனால் விளக்கை அணைக்க எனக்குக் கை வரவில்லை. படத்தைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், அப்படியே நின்றேன். இத்தனை மாசமாக இந்தத் திரியைத் தூண்டுவதும் எண்ணெய் விடுவதும்தான் என் உத்தியோகம். இதையும் நிறுத்திவிட்டால் நாள் முழுக்க நான் என்ன செய்வது?

ஸ்டெல்லா அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "நான் தொடமாட்டன் பிள்ளை. அது உங்கட கையாலதான் செய்யவேணும். நான் குசினியில தேத்தண்ணி வைக்கிறன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

அவர் கெட்டிலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பூவை எடுத்துச் சுடரின் மேல் வைத்து விளக்கைக் குளிர வைத்தேன்.

அந்தச் சின்ன எண் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு எண்ணாக இறங்கி, பதிமூன்றில் வந்து நின்றது. அதற்கெல்லாம் முன்னாலேயே பின்பக்கத்தில் 'டப்' சத்தம் கேட்டுவிட்டது. தரைக்கடியில் தண்ணீர் ஓடியது. நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும்போது ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை. ஸ்டெல்லா அக்கா முதல்முறையாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

இந்த இடத்தில் பத்தியை முடித்துவிடலாம். பிரச்சினை தீர்ந்தது, வீடு தப்பித்தது, சுபம். ஆனால் முடியவில்லை.

அக்கா கிளம்பிப் போனார். வீடு நிஜமாகவே கதகதவென்று இருந்தது. குல்லாவைக் கழற்றினேன், ஸ்வெட்டர்களைக் கழற்றினேன். ஹாலில் உட்கார்ந்தேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன். நந்துவின் பழைய அறைக்குப் போனேன். எல்லா அறையிலும் ஒரே மாதிரி இதமான சூடு... எந்த அறையிலும் ஒருத்தரும் இல்லை. இத்தனை நாளும் என்னைப் படுத்தியது குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குளிர் போன பிறகும் அது போகவில்லை. உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

அழுது முடித்ததும் யோசித்தேன். நந்துவுக்கு ஏன் இது தெரியவில்லை என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு கோபம் இருந்தது. பெற்ற பிள்ளை, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாமா? எப்படிக் கண்டுபிடிப்பான்? வாரத்துக்கு ஒருநாள் அவன் பார்ப்பது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம். அதை நான்தான் சூடுபண்ணி வைத்துக் காட்டுகிறேன். அவனும் பாவம், அதுதான் மொத்த அம்மா என்று நம்பிக்கொண்டு சும்மா இருக்கிறான்.

நாம் எல்லோருமே இதைத்தானே செய்கிறோம்? 'எப்படி இருக்கே?' என்று யாராவது கேட்டால் போதும், உடனே ஒரு பர்னரைப் பற்றவைத்து விடுகிறோம். அப்புறம், 'யாருமே என்னைக் கவனிக்கலை' என்று மூலையில் உட்கார்ந்து நடுங்குகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே, அவன் ஆபீஸ் விட்டு ரயில் ஏறுகிற நேரத்தில் நானே கூப்பிட்டேன். பதறிவிட்டான்.

"என்னம்மா? என்ன ஆச்சு? ஹீட்டரா?"

"ஹீட்டர் ஓடுதுடா. வீடு நல்லா இருக்கு."

"பின்ன என்ன?"

"நான்தான் நல்லா இல்ல."

சொல்லிவிட்டேன். சொன்னதும் பயம் வந்தது. ஃபெயில் ஆகிவிட்டேனே, இனி 'வீட்டை வித்துடலாம்' என்று ஆரம்பிப்பானே! போனில் ரயில் அறிவிப்பு மட்டும் கேட்டது. கதவு மூடுகிற சத்தம் கேட்டது. அவன் ரயிலில் ஏறவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

ரயில் கிளம்பிப் போன பிறகு சொன்னான்.

"நானும்தாம்மா."

வீட்டை விற்கிற பேச்சு வரவே இல்லை. அவன் பிளாட்ஃபார பெஞ்சிலும் நான் இங்கே தரையிலுமாக, சார்ஜ் தீரும்வரை பேசினோம்.

என்ன பேசினோம் என்கிறீர்களா? வாரா வாரம் எல்லாவற்றையும் உங்களிடம் வந்து கொட்டுகிறவள்தான்... ஆனால் அதை மட்டும் கேட்காதீர்கள், அது அவனுக்கும் எனக்கும்!